உள்ளே போன மாத்திரை என்ன ஆகிறது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"என்ன தலைப்புப்பா போடுறது?" என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். "மருந்து உடம்புக்குள்ள போய் என்ன ஆகுதுன்னு பேசலாம்னு இருக்கேன் அண்ணே" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. "நீ இஞ்சினியர்தானே? டாக்டர் யாரும் கிடைக்கலைன்னுல்ல நினைப்பாங்க!" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

என் தொழில் தண்ணீர். உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் நிலையத்தில் வேலை. எவ்வளவு உள்ளே வருகிறது, எங்கெங்கே போய்த் தேங்குகிறது, நடுவில் என்னவாக மாறுகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்ற நான்கு கேள்விகளைத்தான் காலை முதல் மாலை வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். மருந்தைப் பற்றி மருத்துவர்கள் கேட்பதும் இதே நான்கு கேள்விகள்தாம். உட்கிரகிப்பு, பரவல், சிதைவு, வெளியேற்றம் என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் வரவு, இருப்பு, மாற்றம், செலவு என்போம். கணக்கு ஒன்றுதான்.

இன்னும் சொன்னால், இந்தக் கணக்கை நான் கல்லூரிக்கு வருமுன்பே பார்த்திருக்கிறேன். நான் உப்பூர்க்காரன். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், வெயிலுகந்த விநாயகர் கோயில் இருக்கும் ஊர். பேரிலேயே உப்பு. உப்பளத்தில் கடல் தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகப் போக 'டிகிரி' ஏறும். 25 டிகிரி பக்கம் வந்தால் உப்பு விளையும். 30 டிகிரியைத் தொடுமுன் மிஞ்சிய கசப்புத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டால் உப்பே கசந்துபோகும். டிகிரி குறைவாக இருந்தால் விளைச்சல் இல்லை, கூடினால் சரக்கு கெட்டது. மருந்துக்கும் இப்படி இரண்டு கோடுகள் உண்டு. இரத்தத்தில் மருந்தின் அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால் பலன் இல்லை. மேல்கோட்டுக்கு மேலே ஏறினால் கேடு. நடுவில் நிறுத்துவதுதான் வைத்தியம்.

இதை விளக்க ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். காசநோய். காரணம் இரண்டு. ஒன்று, நம் கடற்கரையில் இன்றும் இருக்கிற நோய் அது. இரண்டு, இந்த நான்கு கேள்விகளுக்கும் உலகத்துக்கே பதில் தந்த ஆராய்ச்சிகளில் சில நம் சென்னையில், நம் மக்களை வைத்து நடந்தன. நம்மில் பலருக்கு இது தெரியாது.

சேத்துப்பட்டில் நடந்தது

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து தொடங்கிய மையம். முதலில் பொறுப்பேற்று நடத்தியவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். 2011 முதல் அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கி வருகிறது.

அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. ஆனால் நோயாளிகள் இருந்த எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எங்கே? எனவே அவர்கள் சென்னை நகர ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மற்றதை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓர் ஆண்டு கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டில், வேலை வெட்டியோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தார்கள். உலகம் முழுதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த முடிவு ஒரு முக்கியக் காரணம்.

குணப்படுத்தியது மருந்து என்றால், அந்த மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? இனி நான்கு கேள்விகளுக்கும் வரிசையாக வருகிறேன்.

எவ்வளவு உள்ளே போகிறது?

விழுங்கியதெல்லாம் இரத்தத்துக்குப் போய்விடுவதில்லை. மாத்திரை வயிற்றில் கரைந்து, சிறுகுடலின் சுவரைத் தாண்ட வேண்டும். தாண்டியதும் நேரே உடம்பெங்கும் போகாமல் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அது ஒரு சுங்கச்சாவடி. சில மருந்துகளில் பெரும்பகுதியை அங்கேயே பிடித்துக்கொள்ளும். நெஞ்சுவலிக்காரருக்கு ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறார்களே, ஏன்? வாயின் இரத்தக் குழாய் வழியே போனால் சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு நேரே இதயத்துக்குப் போய்விடலாம்.

ஸ்ட்ரெப்டோமைசின் குடல் சுவரைத் தாண்டவே தாண்டாது. அதனால்தான் அதை ஊசியாகவே போட்டார்கள். "ஊசி போட்டாத்தான் கேட்கும்" என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஊசிக்கென்று தனிச் சக்தி கிடையாது. குடல் வழியே போக முடியாததற்கும், அவசரமாகப் போக வேண்டியதற்கும் அது ஒரு மாற்றுப் பாதை, அவ்வளவே.

ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மாத்திரை வெறும் வயிற்றில் நன்றாக உள்ளே போகும்; சாப்பாட்டோடு சேர்ந்தால் குறையும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம் கலந்த வெள்ளை மருந்து, ஐசோனயசிட் மாத்திரை உள்ளே போவதைத் தடுக்கும். சில நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைப் பாலோடு விழுங்கினால் பாலிலுள்ள கால்சியம் பிடித்துக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரைக்குத் தேநீர் ஆகாது. 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டுக்குப் பின்' என்று சீட்டில் எழுதுவதைச் சம்பிரதாயம் என்று எண்ணாதீர்கள். வரவுக் கணக்கே அதில்தான் இருக்கிறது.

எங்கே போய்த் தங்குகிறது?

ஒரு பாத்தியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அளக்காமலே கண்டுபிடிக்கலாம். தெரிந்த அளவு உப்பைப் போட்டுக் கலக்கி, ஒரு குவளை எடுத்துச் சோதித்தால் போதும். மற்றது வகுத்தல் கணக்கு. மருந்துக்கும் இதையே செய்கிறார்கள். 70 கிலோ மனிதருக்குள் இருக்கும் மொத்தத் தண்ணீர் சுமார் 42 லிட்டர்தான். ஆனால் மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயினை இப்படிக் கணக்கிட்டால் விடை ஆயிரக்கணக்கான லிட்டர் என்று வரும்! மனிதருக்குள் அவ்வளவு பெரிய குளம் ஏது? விஷயம் என்னவென்றால், அந்த மருந்து இரத்தத்தில் நிற்பதில்லை. கல்லீரல், கண் போன்ற திசுக்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. இரத்தத்தில் மிஞ்சுவது கொஞ்சம். அதனால்தான் 3 நாள் சாப்பிட்ட குளோரோகுயின் வாரக்கணக்கில் உடம்பில் இருக்கும்.

இராமேசுவரம் தீவுக்கு மலேரியா புதிதல்ல. அங்கே 'வைவாக்ஸ்' வகைக் காய்ச்சலுக்கு 3 நாள் குளோரோகுயினோடு, 14 நாளைக்குப் பிரைமாகுயின் என்று இன்னொரு மாத்திரையும் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். "இன்னும் எதுக்கு?" என்று மாத்திரையைப் பரணில் போட்டுவிடுவோம். கல்லீரலில் தூங்கும் கிருமிக்கு அந்த இரண்டாவது மாத்திரைதான் மருந்து. முதல் மாத்திரை அதைத் தொடாது. மாதங்கள் கழித்துக் காய்ச்சல் திரும்ப வந்தால் கொசுவைத் திட்டுவோம்.

காசநோய்க் கிருமிக்கும் ஒளியிடம் உண்டு. நுரையீரல் புண்ணின் நடுவே, இரத்த ஓட்டமே இல்லாத கட்டிக்குள்ளும், நம் வெள்ளணுக்களுக்கு உள்ளேயும் அது இருக்கும். அங்கெல்லாம் போய்ச் சேரக்கூடிய மருந்துகளாகப் பார்த்துச் சேர்த்துத்தான் நான்கு மருந்துக் கூட்டு அமைந்திருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சாப்பிடுவது, நான்கு கால் கட்டிலில் ஒரு காலை எடுத்துவிட்டுப் படுப்பது போன்றது.

எங்கே சிதைகிறது?

நம் சென்னை மையத்தின் சிறந்த கதை இங்கேதான் இருக்கிறது.

ஐசோனயசிட் 1952-இல் பயன்பாட்டுக்கு வந்த மருந்து; விலை மலிவு, பலன் அதிகம். அதைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்கிறது. அந்த நொதி எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஓடாது. தாய் தந்தையிடமிருந்து வரும் மரபணுவைப் பொறுத்துச் சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் ஓடும். சென்னையில் நோயாளிகளைச் சோதித்தபோது, தென்னிந்தியர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் மெதுவாகச் சிதைப்பவர்கள் என்று தெரிந்தது. ஜப்பானியரில் இப்படிப்பட்டவர்கள் 10 விழுக்காடு அளவுதான்.

இதன் பொருள் என்ன? கணக்குப் போடுவோம். வேகக்காரருக்கு இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம். மெதுக்காரருக்கு 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மணி நேரம் கழித்து, வேகக்காரரிடம் நான்கு முறை பாதியாகி 16-இல் ஒரு பங்கு இருக்கும். மெதுக்காரரிடம் இரண்டு முறை பாதியாகி 4-இல் ஒரு பங்கு இருக்கும். ஒரே மாத்திரை, ஒரே எடை, ஒரே ஊர். மதியத்துக்குள் இருவருக்கும் நான்கு மடங்கு வித்தியாசம்!

மெதுக்காரருக்கு ஒரு தொல்லையும் உண்டு. மருந்து அதிக நேரம் தங்குவதால், அளவு கூடும்போது கை கால் மதமதப்பும் எரிச்சலும் வரும். இந்த மருந்து உடம்பிலுள்ள 'பி6' வைட்டமினைக் குறைத்துவிடுவதே காரணம். பைரிடாக்சின் என்ற அந்த வைட்டமினைச் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தால் போதும், தொல்லை வராது என்பதைச் சென்னை மையம் சோதித்துக் காட்டியது. மாத்திரை அட்டையோடு ஒரு சின்ன வைட்டமின் மாத்திரை வருகிறதே, "இது சும்மா சத்து மாத்திரை" என்று தூக்கிப் போடுகிறோமே, அதன் வரலாறு இதுதான்.

இன்னொரு சோதனை. ஒரு நாளைய ஐசோனயசிட்டை ஒரே வேளையாகக் கொடுப்பதா, இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதா? பிரித்துக் கொடுத்தால் நாள் முழுதும் சீராக இருக்கும், அதுதான் நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். 1960-இல் வெளியான முடிவு வேறு. ஒரே வேளையாகக் கொடுத்ததே கூடுதல் பலன் தந்தது. இந்தக் கிருமிக்கு நாள் முழுதும் லேசாகத் தட்டுவதை விட, ஒரு முறை உச்சத்தில் அடிப்பதே உறைக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் நாள் முழுதும் சிட்டிகை சிட்டிகையாகக் குளோரின் தூவுவதையும், ஒரே தடவையாகத் தேவையான அளவு போடுவதையும் நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, நோயாளிகள் தினமும் வர முடியவில்லையே என்று இடைவெளி விட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியையும் ஐசோனயசிட்டையும் வாரம் இருமுறை கொடுத்தது நன்றாகவே பலித்தது. 1964-இல் அறிக்கை வந்தது. வாரம் ஒரு முறையாகக் குறைத்தபோது, வேகமாகச் சிதைப்பவர்களுக்கு மட்டும் பலன் தெளிவாகக் குறைந்தது. 1970-இல் அது வெளியானது. கல்லீரலின் வேகம் நோயின் முடிவையே மாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தம்பி தங்கைகளே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். "இந்த மாத்திரை எனக்குக் கேட்டுச்சு, நீயும் போட்டுக்க" என்று பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கிறோமே, உங்கள் கல்லீரலையும் சேர்த்துக் கொடுக்க முடியுமா?

ரிஃபாம்பிசினுக்கு வேறொரு குணம் உண்டு. அது கல்லீரலில் வேலையாட்களைக் கூட்டிவிடும். நொதிகள் பெருகி, மற்ற மருந்துகளையும் வேக வேகமாகச் சிதைத்துத் தள்ளும். கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை, சர்க்கரைக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றின் பலன் குறையும். எனவே வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால், வெட்கப்படாமல் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளும் சாராயமும் ஒரே கல்லீரலைத்தான் பிடித்து உலுக்குகின்றன.

எப்படி வெளியேறுகிறது?

என் தொழிலோடு நெருங்கிய பகுதி இது. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஏறக்குறைய 99 விழுக்காட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியே விடுகின்றன. கடல் நீரைச் சுத்திகரிக்கும் எங்கள் ஆலைகளில் உள்ளே வருவதில் பாதியைக் குடிநீராக எடுத்தாலே பெரிய விஷயம். கைப்பிடி அளவு இரண்டு உறுப்புகள், மோட்டார் சத்தமில்லாமல் இதைச் செய்கின்றன. வணங்கத்தான் வேண்டும்.

எத்தாம்பியூட்டால் என்ற காசநோய் மருந்து பெரும்பாலும் சிறுநீரில் போகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது தேங்கிக் கண் நரம்பைப் பாதிக்கும். அதனால் அளவை மாற்றுவார்கள். பைரசினமைடு, யூரிக் அமிலம் வெளியேறுவதை மறிக்கும், மூட்டு வலிக்கும். ரிஃபாம்பிசின் போகிற போக்கில் சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாவற்றையும் செம்மஞ்சளாக்கும். அதைப் பார்த்து இரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. அது மருந்து உள்ளே போனதற்கு ரசீது, அவ்வளவுதான். சென்னை மையத்தார் இந்த வழியைத்தான் பயன்படுத்தினார்கள். முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவார்கள். சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

உப்பளத்திலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் உடம்பு வற்றியிருக்கும்போது இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டால், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும். தண்ணீர் வரத்து குறைந்த வடிகட்டியை மேலும் நெரிப்பது போல. வலி போகும், வடிகட்டியும் போகும்.

"சேரல தம்பி"

இவ்வளவையும் எதற்காகச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போகும் ஒருவர். பெயர் வேண்டாம், வயதில் மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். இருமல் நின்று, எடை ஏறி, வலை இழுக்கக் கிளம்பிவிட்டார். மூன்றாவது மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று வீட்டில் சொன்னார்கள். போய்க் கேட்டேன்.

"அது நமக்குச் சேரல தம்பி. மூஞ்சியெல்லாம் செவந்து தீயா எரியுது. நெஞ்சு படபடன்னு அடிக்குது. தலை வெடிக்குது. நோயை விட மருந்து பெருசா இருக்கு."

ஆலையில் ஒரு பம்பு நின்றால், "நேற்று வரை ஓடியதே, இன்று என்ன மாறியது?" என்பதுதான் முதல் கேள்வி. அதையே கேட்டேன். "ரெண்டு மாசமா ஒத்துக்கிட்ட மாத்திரைதானே அண்ணே? என்னைக்கு எரிஞ்சது? அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

யோசித்தார். "ரெண்டு தடவையும் சூரைதான். ஐஸு பத்தாம கொஞ்சம் வெயில்ல கெடந்த மீனு. ஆனா வீட்ல எல்லாருந்தான் சாப்பிட்டாங்க, அவங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே!"

மறுநாள் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைக் குளிரில் வைக்காமல் விட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். சமைத்தாலும் அது போகாது. சாதாரணமாக நம் குடலில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். ஐசோனயசிட் அந்த நொதியை முடக்குகிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத மீன், மாத்திரை சாப்பிடுபவருக்கு மட்டும் முகத்தில் தீ வைக்கிறது. இதை முதன்முதலில் விளக்கி எழுதியவர்களில் முக்கியமானவர், நமக்கு எதிர்க்கரையில் இலங்கையில் இருந்த மார்பு நோய் மருத்துவர் உரகொட. 1977-இல் அவரும் கொத்தேகொடவும் எழுதிய கட்டுரை அது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் அன்றே கண்டு எழுதிய செய்தி, இந்தப் பக்கம் மீன் தின்று வாழும் நம் ஊர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அவருக்குச் சேராதது மாத்திரை அல்ல, பழசான சூரை. மீனையே விட வேண்டியதில்லை. சூரை வகைகளைச் சிகிச்சை முடியும் வரை ஒதுக்கி, மற்றதைப் புதிதாகச் சாப்பிட்டால் போதும் என்றார் மருத்துவர். ஆனால் நிறுத்தியிருந்த வாரங்களில் இருமல் திரும்பியிருந்தது. சளியை மறுபடி சோதித்து, கிருமி மருந்துக்கு அடங்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. நல்லவேளை, அடங்கும் கிருமிதான். அடங்காததாக மாறியிருந்தால் சிகிச்சையும் கடினம், பக்கவிளைவும் அதிகம். வீட்டிலிருந்த பன்னிரண்டு வயது மகளுக்கும் முன்தடுப்பு மாத்திரை தொடங்கினார்கள். ஒரு துண்டு மீனும், யாரிடமும் கேட்காத ஒரு முடிவும் இவ்வளவு தூரம் இழுத்துவிட்டன. இப்போது சிகிச்சையை முழுதாக முடித்து, கடலுக்குப் போய் வருகிறார்.

ஒரு நாளில் போகும் மருந்து, ஏன் ஆறு மாதம்?

மாணவர் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். ஐந்து முறை பாதியானால் 3 விழுக்காடுதான் மிச்சம். ஐசோனயசிட் ஒரே நாளில் போய்விடுகிறது. பிறகு ஏன் 6 மாதம்?

நம் மாவட்டத்துக்காரருக்கு இதைச் சொல்வது எளிது. சீமைக்கருவேலத்தை வெட்டிச் சாய்த்துவிட்டோம். நிலம் வெறுமையாகத் தெரிகிறது. வேலை முடிந்ததா? மண்ணுக்குள் விதை கிடக்கிறது. இந்த மழைக்குக் கொஞ்சம், அடுத்த மழைக்குக் கொஞ்சம் என்று முளைக்கும். ஒவ்வொரு முறை தலை நீட்டும்போதும் மண்வெட்டியோடு நாம் அங்கே நிற்க வேண்டும். காசநோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை முதல் சில வாரங்களிலேயே சாகும். இருமல் நிற்பது அதனால்தான். மீதி தூங்கும். அவை ஒவ்வொன்றாக விழிக்கும் நாளில் இரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும். எந்த நாள் என்று தெரியாது. ஆகவே எல்லா நாளும்.

2017 முதல் நம் நாட்டின் திட்டம் தினசரி மாத்திரைக்கு மாறியது. முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகள். எடைக்கேற்ப எண்ணிக்கை, 35 முதல் 49 கிலோ வரை 3 மாத்திரை, 50 முதல் 64 கிலோ வரை 4 மாத்திரை என்று போகும். "அவருக்கு மூணு, எனக்கு மட்டும் ஏன் நாலு?" என்றால், உங்கள் பாத்தி பெரிது. மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் என்றிருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். மருந்து வாங்கக் காசில்லை என்று நிறுத்த வேண்டிய நிலை இல்லை. "சேரல" என்ற ஒரு சொல்லால்தான் நிறுத்துகிறோம்.

நண்பர்களே, நம்மில் பலர் ஊரில் முதல் பட்டதாரிகள். ஊருக்குப் போனால் கரண்டு பில் முதல் கல்யாணப் பத்திரிகை வரை நம்மிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். மாத்திரைச் சீட்டையும் காட்டுவார்கள். அப்போது நாம் டாக்டர் ஆக வேண்டாம். மூன்று கேள்வி கேட்டால் போதும். எப்போது ஆரம்பித்தது? அன்று சாப்பாட்டிலும் மற்ற மருந்திலும் என்ன மாறியது? இதை மருத்துவரிடம் சொன்னீர்களா? மூன்றாவதற்கு "இல்லை" என்று பதில் வந்தால், வண்டியை எடுத்து அவரை அழைத்துக்கொண்டு போங்கள். கண் மஞ்சளாகிறது, பார்வை மங்குகிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் அன்றைக்கே போங்கள். அங்கே மருத்துவர் மாற்றுவார், குறைப்பார், தேவைப்பட்டால் நிறுத்துவார். நிறுத்துவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அது அவர் வேலை.

உடம்பு ஒத்துக்கொள்கிறதா இல்லையா என்பது விதியும் அல்ல, ராசியும் அல்ல. வரவு, இருப்பு, மாற்றம், செலவு. இந்த நான்கில் எங்கோ ஒன்று மாறியிருக்கிறது, தேடினால் கிடைக்கும். தேடும் பழக்கத்தை எங்களுக்குக் கற்றுத் தந்தது இந்தக் கல்லூரி. அதை வேலை பார்க்கும் இடத்தோடு நிறுத்திவிடாமல் வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டுபோவோம்.